கம்பத்துக்கு நடுவில் நின்றவர்



வகுப்பில் உங்களுக்குப் போர்களையும் உடன்படிக்கைகளையும் நடத்தினேன். தேர்வுக்கு அவைதான் வந்தன. ஓய்வு பெற்ற பிறகு தேர்வுக்கு வராத வரலாற்றை எழுதுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இந்த வாரம் ஒரு கோல்கீப்பரின் கதை. பெயர் பீட்டர் தங்கராஜ். உங்களில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. கொஞ்சம் நீளமான பதிவு. காபியைப் போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

இதை எழுதக் காரணம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்த ஒரு வாக்குவாதம். என் தங்கை மகளின் பையன் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். நல்ல உயரம். கேளம்பாக்கத்திலும் நாவலூரிலும் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுகிறார்களே, அந்த டர்ஃப் மைதானங்களில் கோல்கீப்பராக நிற்கிறான். படிப்போடு இதையும் முறையாகக் கற்க வேண்டும் என்கிறான். அவன் அப்பாவுக்குச் சம்மதமில்லை. "கோல் போடுறவனுக்கே இந்த நாட்டுல சோறு இல்லை, கோல் தடுக்கிறவனுக்கு யார் போடுவாங்க?" என்று கேட்டார். தங்கை மகள் என்னைத் தனியாக அழைத்து, "மாமா, நீங்க வரலாறு வாத்தியார்தானே, நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்றாள்.

அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. கோல்கீப்பருக்கு யார் சோறு போட்டார்கள்? தங்கராஜின் வாழ்க்கையை அந்தக் கேள்வியோடு பார்த்தால் நம் நாட்டுக் கால்பந்தின் பாதி வரலாறு புரிந்துவிடும்.

முதலில் அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம். தெருவில் ஆடும்போது நாம் என்ன செய்வோம்? பந்து யாருடையதோ அவன் ஃபார்வர்ட். ஓட முடியாதவன், கடைசியாக வந்தவன், சின்னப் பையன், இவர்களில் ஒருவனை இரண்டு செருப்புக்கு நடுவில் நிறுத்திவிடுவோம். கோல் விழுந்தால் அவனைத் திட்டுவோம். விழாவிட்டால் அவன் அங்கே இருப்பதையே மறந்துவிடுவோம். உலகக் கால்பந்தும் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கியது. கையால் பந்தைத் தொட ஒருவனுக்கு மட்டும் அனுமதி என்று இங்கிலாந்தின் விதிப் புத்தகம் சொன்னது 1871-ல். அதன் பிறகும் நீண்ட காலம் அவன் தன் பாதி மைதானம் முழுவதும் கையால் தொடலாம். பெனால்டி கட்டத்துக்குள் மட்டும்தான் என்று சுருக்கியது 1912-ல்.

தங்கராஜ் ஆடிய காலத்தில் இது ஆபத்தான வேலையும்கூட. பந்தைப் பிடித்திருக்கும் கீப்பரைத் தோளால் மோதித் தள்ளுவது அன்று குற்றமில்லை. 1956-ல் லண்டனில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியின் கீப்பர் பெர்ட் டிராட்மன் எதிரணி வீரரின் காலில் பாய்ந்து பந்தைப் பிடித்தார். கழுத்தில் அடி. மாற்று ஆட்டக்காரரை இறக்க விதி இல்லாத காலம். கழுத்தைப் பிடித்துக்கொண்டே மிச்ச நேரமும் நின்று ஆடினார், அணியும் வென்றது. சில நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோதுதான் கழுத்தெலும்பு முறிந்திருந்தது தெரிந்தது. இத்தனைக்கும் அவர் போர்க் கைதியாக இங்கிலாந்துக்கு வந்த ஜெர்மானியர். வந்த புதிதில் அவரைச் சேர்க்கக் கூடாது என்று தெருவில் இறங்கிப் போராடிய ஊர், கடைசியில் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

அதே 1956-ல்தான் நம் ஆள் ஒலிம்பிக் அணியில் மெல்போர்ன் போனார்.

பீட்டர் தங்கராஜ் 1935 டிசம்பர் 24 அன்று ஹைதராபாத்தில் பிறந்தவர். பக்கத்துச் செகந்தராபாத் பெரிய கண்டோன்மென்ட் ஊர். அங்கே கால்பந்து தெருவுக்குத் தெரு இருந்தது. மார்னிங் ஸ்டார் என்ற உள்ளூர் கிளப்பில் ஆடத் தொடங்கினார். பிறகு ராணுவத்தில் சேர்ந்து மதராஸ் ரெஜிமென்டல் சென்டருக்கு வந்தார். அது இருப்பது நம் நீலகிரியில், குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில். மதராஸ் ரெஜிமென்ட் பதினெட்டாம் நூற்றாண்டில் தோன்றியது, இந்தியத் தரைப்படையின் மிகப் பழைய காலாட்படை. "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்பது அதன் போர் முழக்கம். ஊட்டிக்குச் சுற்றுலா கூட்டிப்போனபோது அந்த வழியாகத்தான் போனோம், பேருந்தில் தூங்காமல் வந்தவர்களுக்கு நினைவிருக்கும்.

வெலிங்டனுக்கு வந்தபோது தங்கராஜ் கோல்கீப்பர் இல்லை. சென்டர் ஃபார்வர்ட். கோல் போடுகிற இடம். அங்கிருந்துதான் கோல் காக்கிற இடத்துக்கு மாறினார். ஆறடிக்கும் மேல் உயரம், நீண்ட கைகள். இதில் நான் கவனிக்கும் விஷயம் வேறு. ஒரு ஃபார்வர்டை கீப்பராக மாற்ற வேண்டும் என்றால் அவன் மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டும். எப்போது வெளியே வருவது, எப்போது கோட்டிலேயே நிற்பது, விழும்போது தோள் எலும்பு போகாமல் எப்படி விழுவது. இதற்கு ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளில் அவன் சாப்பிட வேண்டும், வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும். ராணுவத்தில் மாதச் சம்பளம் உண்டு, மைதானம் உண்டு, விழுந்து அடிபட்டால் மருத்துவர் உண்டு. தினமும் காலையில் பயிற்சிக்கு வா என்று கட்டளையிட அதிகாரியும் உண்டு. தங்கராஜை உருவாக்கியதில் இந்த நான்குக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

பலன் 1955-ல் தெரிந்தது. டுராண்ட் கோப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1888-ல் சிம்லாவில் ஆங்கிலேய அதிகாரி மார்ட்டிமர் டுராண்ட் தொடங்கியது. ஆப்கானிஸ்தானுக்கும் அன்றைய இந்தியாவுக்கும் நடுவே கோடு போட்டாரே, "டுராண்ட் கோடு" என்று ஒரு மதிப்பெண் கேள்வியில் வருமே, அதே டுராண்ட். ஆசியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டி அது. முதல் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பிரிட்டிஷ் ரெஜிமென்டுகளே கோப்பையைத் தூக்கிக்கொண்டு போயின. 1940-ல்தான் கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் அதை உடைத்தது. விடுதலைக்குப் பிறகு 1950-ல் மறுபடி தொடங்கியபோது ஹைதராபாத் சிட்டி போலீஸ், ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் என்று மூன்று அணிகளும் மாறி மாறி வென்றன. 1955-ல் அந்த வரிசைக்குள் நுழைந்தது மதராஸ் ரெஜிமென்டல் சென்டர். விடுதலை பெற்ற இந்தியாவில் டுராண்ட் வென்ற முதல் ராணுவ அணி. தங்கராஜுக்கு அப்போது இருபது வயது நிறையவில்லை. 1958-ல் மறுபடியும் அதே அணி வென்றது.

கல்கத்தாவில் லட்சக்கணக்கான ரசிகர்களை வைத்திருந்த பெரிய கிளப்புகளை, நீலகிரி மலையில் பரேடு முடித்துவிட்டுப் பந்தாடிய சிப்பாய்கள் ஓரம் கட்டினார்கள். நம் பாடநூலில் இதற்கு ஒரு வரி இல்லை.

இனி இந்திய அணி. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். பிரான்ஸிடம் 1-2 என்றுதான் தோற்றார்கள், அதுவும் இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு. 1952-ல் ஹெல்சிங்கியில் குளிர். யூகோஸ்லாவியா 10-1 என்று போட்டுப் புரட்டியது. பத்து கோல் வாங்கிய அந்த கீப்பரின் இரவை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்றார்கள். நான்கே ஆண்டுகளில், 1956 மெல்போர்னில், ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதிக்குப் போனது இந்தியா. ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதி கண்ட முதல் ஆசிய நாடு நாம்தான். கடைசியில் நான்காம் இடம். அந்த அணியின் இரண்டு கீப்பர்கள் தங்கராஜும் எஸ்.எஸ். நாராயணும். நாராயண் ஒத்தப்பாலத்தில் பிறந்து பம்பாயில் ஆடியவர்.

1958 டோக்கியோ ஆசிய விளையாட்டிலும் நான்காம் இடம். ஆனால் அந்த ஆண்டு ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று தங்கராஜைத் தேர்ந்தெடுத்தார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கிலும் அணியில் இருந்தார். ஹங்கேரியிடம் 1-2 தோல்வி, பிரான்ஸோடு 1-1 சமன், பெருவிடம் 1-3 தோல்வி. ஹங்கேரி அன்று உலகத்தின் தலைசிறந்த அணிகளில் ஒன்று. அதனிடம் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்ற நாடாக நாம் இருந்தோம்.

இந்த அணிகளை உருவாக்கியவர் சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்காரர். அவரைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் வருவதைத் தடுக்க முடியவில்லை, காரணம் அவர் பள்ளி ஆசிரியர். வகுப்பறையிலிருந்து மைதானத்துக்குப் போனவர். ரஹீம் சாப் என்றே எல்லோரும் அழைத்தார்கள். 2024-ல் வந்த 'மைதான்' என்ற இந்திப் படம் அவருடைய கதைதான். அதில் தங்கராஜும் ஒரு பாத்திரமாக வருகிறார்.

இப்போது 1962, ஜகார்த்தா. ஆசிய விளையாட்டுப் போட்டி. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அனுமதிக்கவில்லை. அது தவறு என்று இந்தியப் பிரதிநிதி ஜி.டி. சோந்தி வெளிப்படையாகச் சொன்னார். ஊர் கொதித்தது. இந்தியத் தூதரகத்தைக் கூட்டம் தாக்கியது. நம் வீரர்கள் எங்கே போனாலும் கூச்சல். ரஹீமுக்கோ நுரையீரலில் புற்றுநோய்.

முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரையிறுதியில் தெற்கு வியட்நாமை 3-2. தாய்லாந்து ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைந்து தையல் போட்டார்கள். தங்கராஜுக்கு ஃப்ளூ காய்ச்சல். அவருக்குப் பதிலாக பிரத்யுத் பர்மன் என்ற இளம் கீப்பர் கோலில் நின்றார். நன்றாகவே நின்றார். அணி இறுதிக்கு வந்துவிட்டது. எதிரே மறுபடியும் அதே தென் கொரியா.

செப்டம்பர் 4. இறுதி ஆட்டத்துக்கு ரஹீம் எடுத்த முடிவு என்ன? காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜை இறக்கினார். ஜெயித்துக்கொண்டிருக்கும் கீப்பரை உட்கார வைத்துவிட்டு, படுக்கையிலிருந்து எழுந்து வந்தவரை நிறுத்துவது சின்ன விஷயமா? உயரப் பந்துகள் வரும், அதற்கு உயரமும் அனுபவமும் வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். தையல் போட்ட தலையோடு ஜர்னைலையும் இறக்கினார், அதுவும் ஃபார்வர்டாக. அரங்கத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். நம் தேசிய கீதத்துக்கே கூச்சல். 17-ஆவது நிமிடம் பி.கே. பானர்ஜி ஒரு கோல். 20-ஆவது நிமிடம் ஜர்னைல், அதே தலையோடு, இரண்டாவது கோல். அதற்குப் பிறகு எழுபது நிமிடம் இருக்கிறது. அந்த எழுபது நிமிடம் யாருடைய வேலை? முன்னால் அருண் கோஷ் போன்ற தடுப்பாட்டக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் ஒற்றை ஆளாகத் தங்கராஜ். கொரியாவால் ஒரே ஒரு கோல்தான் போட முடிந்தது, அதுவும் ஆட்டம் முடியப்போகும் நேரத்தில். 2-1. தங்கம். அதன் பிறகு ஆசிய விளையாட்டின் கால்பந்தில் இந்தியா இன்றுவரை தங்கம் பெறவில்லை. ரஹீம் அடுத்த ஜூனில் காலமானார்.

பதிவேட்டைப் பாருங்கள். 17-ஆவது நிமிடம் பானர்ஜி, 20-ஆவது நிமிடம் ஜர்னைல் என்று இருக்கும். தங்கராஜ் எத்தனை பந்தைத் தடுத்தார் என்று அதில் இருக்காது. அன்றைய கணக்குப் புத்தகத்தில் அதற்குக் கட்டமே இல்லை. கீப்பரைப் பற்றி அது எழுதுவது ஒன்றுதான், அவரைத் தாண்டிப் போன பந்து.

இன்னொரு பட்டியலும் இருக்கிறது, இதை நானே வரிசைப்படுத்திப் பார்த்து வியந்தேன். அர்ஜுனா விருது 1961-ல் தொடங்கியது. கால்பந்துக்கு ஆண்டுக்கு ஒருவர். 1961 பி.கே. பானர்ஜி, 1962 துளசிதாஸ் பலராம், 1963 சுனி கோஸ்வாமி. மூவரும் ஃபார்வர்ட். 1964 ஜர்னைல் சிங், 1965 அருண் கோஷ். இருவரும் தடுப்பாட்டக்காரர்கள். 1966-ல் யூசுஃப் கான். 1967-ல் பீட்டர் தங்கராஜ். ஏழு பேருமே ஜகார்த்தா அணியில் இருந்தவர்கள். கோல் போடுகிற இடத்தில் தொடங்கிய விருது கடைசியாகத்தான் கம்பத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்கு அடுத்து ஒரு கோல்கீப்பர் அர்ஜுனா வாங்கியது 1997-ல், கோவாவின் பிரம்மானந்த் சங்க்வால்கர். முப்பது ஆண்டு இடைவெளி!

சரி, சோறு கேள்விக்கு வருவோம். தங்கராஜ் ராணுவத்தை விட்டுக் கல்கத்தா வந்து, முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். கல்கத்தாவில் மூன்று கூட்டமும் கீரியும் பாம்புமாக இருக்கும். மூன்று கூட்டமும் தன்னவர் என்று ஏற்றுக்கொண்ட ஆட்டக்காரர்கள் குறைவு. 1960களின் இரண்டாம் பாதியில் பெரும்பகுதி ஈஸ்ட் பெங்கால்தான். 1964-ல் ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பிடித்த இந்திய அணியிலும், 1966 பாங்காக் ஆசிய விளையாட்டிலும் இருந்தார். 1970களின் தொடக்கம் வரை ஆடினார். ஃபார்வர்ட் என்றால் முப்பது வயதுக்குள் கால் ஓய்ந்துவிடும். கீப்பர் அதைத் தாண்டியும் நிற்கலாம். அந்த வேலையில் உள்ள ஒரு சலுகை அது.

அதற்குப் பிறகு பயிற்சியாளர். கோவாவில் வாஸ்கோ, பிறகு அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், கடைசியில் பொக்காரோ உருக்காலை. 2008 நவம்பர் 24 அன்று பொக்காரோவில்தான் காலமானார். எழுபத்திரண்டு வயது. ஜார்க்கண்டில் ஓர் உருக்காலை நகரம், அங்கே பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கச் சொல்லிக்கொடுத்த ஒரு முதியவர். ஆசியாவின் சிறந்த கீப்பராக இருந்தவர் அவர் என்று அந்த ஊரில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

அந்த வாழ்க்கையைக் கோடு போட்டுப் பாருங்கள். வெலிங்டன் படைமுகாம், கல்கத்தா கிளப்புகள், கோவாக் கிளப், பல்கலைக்கழகம், அரசு உருக்காலை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறுவனம் அவரைத் தாங்கியிருக்கிறது. திறமை அவருடையது. அந்தத் திறமை பசியில் வாடாமல் பார்த்துக்கொண்டது வேறு ஆட்கள்.

"இங்கிலாந்துல பிறந்திருந்தா கவலையே இல்லை" என்றும் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அதையும் பார்த்துவிடுவோம். தங்கராஜ் ஆடத் தொடங்கிய காலத்தில் இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டக்காரருக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. 1961-ல் அதை நீக்கும்போது வாரத்துக்கு 20 பவுண்டு. அதற்கு மேல் ஒரு கிளப்பும் தரக் கூடாது. இன்று மேல்தட்டில் கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள், உண்மைதான். ஆனால் அங்கே நான்கு அடுக்குகளில் 92 கிளப்புகள். அடியில் இருப்பவர்களின் கதை வேறு.

ஜிம்மி கிளாஸ் என்று ஒரு கீப்பர். 1999 மே 8. நான்காம் அடுக்கில் கடைசி இடத்தில் கார்லைல் யுனைடெட். பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால்தான் லீக்கில் நீடிக்கலாம், இல்லையென்றால் பல பத்தாண்டுகளாக இருந்த இடம் போய்விடும். கிளாஸ் அந்த அணியின் சொந்த கீப்பர்கூட இல்லை, ஸ்விண்டனிலிருந்து இரவலாக வந்தவர். பிளிமத்தோடு ஆட்டம் 1-1. தொண்ணூறு நிமிடமும் முடிந்து கூடுதல் நேரமும் முடியப்போகிறது. கார்னர் கிடைத்தது. கீப்பர் தன் கோலை விட்டுவிட்டு எதிர் முனைக்கு ஓடினார். தலையால் முட்டிய பந்தைத் தடுத்துவிட்டார்கள், தெறித்து இவர் காலடியில் விழுந்தது. அடித்தார். கோல்! கார்லைல் பிழைத்தது. கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி அவரைத் தூக்கியது. அந்தக் கிளப்புக்கு அவர் ஆடியது மொத்தம் மூன்றே ஆட்டங்கள். அப்படிப்பட்டவருக்கு அடுத்து என்ன கிடைத்தது? சில கிளப்புகளில் அங்கும் இங்கும் அலைந்து, இருபதுகளிலேயே தொழில்முறை ஆட்டத்தை விட்டார். பிறகு டாக்சி ஓட்டினார்.

கவனியுங்கள், அவரையும் உலகம் நினைவில் வைத்திருப்பது அவர் போட்ட ஒரே கோலுக்காக. அவர் தடுத்த பந்துகளுக்காக அல்ல.

ஆகவே இங்கிலாந்தில் பிறந்தால் போதும் என்பது சரியில்லை. கீழ் அடுக்கு கீப்பருக்கு அங்கேயும் அடுத்த ஒப்பந்தம் வரைதான் வாழ்க்கை. ஒரு விதத்தில், வெலிங்டனில் மாதச் சம்பளத்தோடு ஆடிய தங்கராஜுக்கு அந்தப் பயம் குறைவாக இருந்திருக்கும்.

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னையில் ஒரு காலத்தில் கால்பந்து என்றால் அலுவலக அணிகள்தான். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, துறைமுகம், சுங்கத்துறை, ஏ.ஜி. அலுவலகம், வங்கிகள். பையன் நன்றாக ஆடினால் எழுத்தர் வேலை கிடைக்கும், மத்தியானம் பயிற்சிக்கு அனுமதி கிடைக்கும், ஆட்டம் முடிந்த வயதில் பதவி உயர்வோடு ஓய்வூதியம்வரை போகலாம். 1996-ல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியபோது கல்கத்தா, கோவா ஜாம்பவான்களோடு நம் இந்தியன் வங்கி அணியும் மோதியது. பகலில் லெட்ஜர் எழுதியவர்கள் நாடு முழுவதும் போய் ஆடினார்கள்.

பிறகு வேலைக்கு ஆள் எடுப்பது சுருங்கியது, அலுவலக அணிகளும் சுருங்கின. 2014-ல் ஐ.எஸ்.எல். வந்தது. பணம் வந்தது, தொலைக்காட்சி வந்தது. நல்லதுதான். கோவையில் ஆடிய சென்னை சிட்டி அணி 2018-19 ஐ-லீக் கோப்பையை வென்றது. நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். அந்த அணியின் கோல்கீப்பர் ஸ்பெயின்காரர். அவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை, அருமையாகத்தான் நின்றார். ஆனால் அணியில் கீப்பருக்கு இருப்பது ஒரே ஒரு இடம். ஃபார்வர்ட் நான்கு பேர் முயன்றால் இரண்டு பேருக்காவது இடம் கிடைக்கும். நான்கு கீப்பர் முயன்றால் மூன்று பேர் பெஞ்சில்தான். ஜகார்த்தாவின் பிரத்யுத் பர்மனை நினைத்துக்கொள்ளுங்கள். அணியை இறுதிவரை கொண்டுவந்து, இறுதி ஆட்டத்தை வெளியே உட்கார்ந்து பார்த்தவர்.

மூடிய கதவு என்றும் சொல்ல மாட்டேன். பஞ்சாப் பக்கத்துக் குர்பிரீத் சிங் சந்து நார்வேயின் ஸ்தாபெக் அணிக்குப் போய், 2016-ல் ஐரோப்பா லீக் தகுதிச் சுற்றில் ஆடினார். ஐரோப்பியக் கிளப் போட்டியில் ஓர் இந்தியக் கீப்பர் என்பதைத் தங்கராஜ் கேட்டிருந்தால் சிரித்திருப்பார், மகிழ்ச்சியில்.

நான் பணியாற்றிய காலத்தில் கோவளம் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து ஒரு மாணவன் வருவான். கடல் மணலில் ஆடிப் பழகியவன், விழுவதற்குப் பயமே கிடையாது. அவனைத் தாண்டிப் பந்து போவது அபூர்வம். மாவட்டப் போட்டி வரை போனான். பத்தாம் வகுப்புக்குப் பிறகு அப்பாவோடு கட்டுமரம் ஏறிவிட்டான். அவனுக்கு வெலிங்டன் மாதிரி ஓர் இடம் கிடைக்கவில்லை. அவனிடம் குறை ஒன்றும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் என்னைக் கண்டால் வண்டியை நிறுத்திப் பேசுவான். நல்ல நிலையில்தான் இருக்கிறான், சொந்தப் படகு, பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனாலும் படூர் சாலையில் அடுக்குமாடிகளுக்கு நடுவே விளக்குப் போட்ட டர்ஃபைப் பார்க்கும்போதெல்லாம் அவன் நினைவு எனக்கு வரும். அவன் ஆடிய மணலுக்கு வாடகை இல்லை. இன்றைய பிள்ளைகள் ஒரு மணி நேரத்துக்குப் பங்கு போட்டுக் கட்டுகிறார்கள்.

தங்கை மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் பதில் இதுதான். மாப்பிள்ளை, உங்கள் கேள்வியை நான் மதிக்கிறேன். சோறு யார் போடுவார் என்பதைக் கேட்காமல் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பச் சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கேள்வியாகவே விட்டுவிடாமல் பதிலைத் தேடுங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் விளையாட்டு விடுதிகள் நடத்துகிறது, தேர்வு முகாமுக்குப் பையனைக் கூட்டிப் போங்கள். ராணுவம் இன்றும் சிறுவர்களுக்கான விளையாட்டுக் கம்பெனிகளை நடத்துகிறது. அவன் வயதுக்கு அந்தக் கதவு இன்னும் திறந்திருக்கிறதா, அல்லது பிறகு விளையாட்டு வீரராகப் படையில் சேர வழி என்ன என்று விசாரியுங்கள். கல்லூரிகளில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு, ரயில்வேயிலும் அரசு வேலையிலும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பை விடாமல் படிக்கட்டும். இரண்டு ஆண்டு கழித்துப் பயிற்சியாளர் என்ன சொல்கிறார் என்று கேட்டு, அப்போது முடிவு செய்யுங்கள். பையனுக்கும் ஒரு சொல்: தாத்தா உன்னைத் தங்கராஜ் ஆகச் சொல்லவில்லை. பெஞ்சில் உட்காரவும் மனசு இருக்கிறதா என்று மட்டும் உன்னையே கேட்டுக்கொள். இருக்கிறது என்றால் நீ பாதி கீப்பர்.

கோல்கீப்பர் தடுத்ததை எழுதி வைக்கக் கட்டம் இல்லை என்று மேலே சொன்னேன். நாமே அந்தக் கட்டத்தைப் போட்டுவிடலாம். பிள்ளைகளே, உங்கள் வகுப்பு அணியில், உங்கள் ஊர் அணியில், கம்பத்துக்கு நடுவில் நின்றது யார்? அவன் தடுத்த ஒரு பந்து உங்களுக்கு நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். இப்போது அவன் எங்கே, என்ன வேலை என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். நான் எல்லாவற்றையும் படிப்பேன். எழுத்துப் பிழை இருந்தால் பழையபடி சிவப்பு மையில் சுழிப்பேன்.

அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார்,
படூர்.